கடல் கடந்த தொழிலும் அநுமதிச் சீட்டும்

தொழில் கற்ற ஒருவர் அயல்நாட்டில் பணிபுரிய விரும்பினால், இரண்டு வாயில்களை அவர் கடந்தாக வேண்டும். ஒன்று, தம் நாட்டை விட்டுப் புறப்படும் வாயில். மற்றொன்று, பிற நாட்டினுள் நுழையும் வாயில். விசா என்றவுடன் நாம் இரண்டாவதையே எண்ணுகிறோம். ஆயினும் வரலாற்றை நோக்குமிடத்து, இவ்விரு வாயில்களும் காலந்தோறும் திறந்தும் மூடியும் வந்தமை புலனாகும். உட்புகுந்தபின் அங்கே நிலைத்திருப்பதோ மூன்றாவதொரு சோதனை.

இவ்வரலாற்றைத் திருவனந்தபுரத்திலிருந்து காண்பது பொருத்தமுடைத்து. அந்நகரின் வளர்ச்சி ஆய்வு மையம் 1998இல் நடத்திய கணக்கெடுப்பில், அயல்நாடுகளில் வாழும் கேரளத்தார் ஏறத்தாழ 13.6 லட்சம் எனக் கண்டனர். 2018இல் அத்தொகை 21 லட்சத்தைக் கடந்திருந்தது.

முதல் வாயிலை முதற்கண் நோக்குவோம். 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், தோட்டக் கூலிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளின் பின்னணியில் எழுந்தது. அது கைவினைஞர், எழுத்தர், கடைச் சிப்பந்தி, உணவுவிடுதிப் பணியாளர் முதலியோரையும் ‘திறன் தொழில்’ செய்வோர் எனக் கொண்டது. அவர்களை ஒப்பந்தம் செய்து அழைத்துச் செல்வோர் அரசாங்கத்தின் அநுமதி பெற வேண்டுமென விதித்தது. பாஸ்போர்ட் வழங்குவதும் மறுப்பதும் நெடுநாள் அரசாங்கத்தின் விருப்பமாகவே இருந்தது. 1967 ஏப்ரலில், சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்வதும் தனிமனித சுதந்திரத்தின் ஒரு கூறே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே பாஸ்போர்ட் சட்டமும் இயற்றப்பட்டது.

இனி இரண்டாம் வாயில். பிரிட்டன் 1962இல் இயற்றிய காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் வேலைச் சீட்டு முறையைக் கொணர்ந்தது. மருத்துவர், செவிலியர், ஆசிரியர் போன்றோருக்குத் தனிப் பிரிவு வகுக்கப்பட்டது. 1965இல் அமெரிக்கா, நாட்டுவாரியான பழைய பங்கீட்டைக் கைவிட்டுத் தொழில் தகுதிக்கு இடமளித்தது. எனினும், அநுமதி வேறு. தகுதிக்கு வழங்கும் மதிப்பு வேறு. பிரிட்டனின் பொது மருத்துவக் கழகம் 1975இல் இந்திய மருத்துவப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தை நிறுத்தியது. 1951இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் பட்டதாரியும் அதன்பின் அங்கே தம் திறனை மெய்ப்பிக்கத் தேர்வெழுத வேண்டியதாயிற்று.

நிலைத்திருத்தலின் கடுமையை ஜெர்மனி சென்ற கேரளச் செவிலியரின் வரலாறு நன்கு விளக்கும். 1960களில் மேற்கு ஜெர்மனியின் மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை மிகுந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் தொடர்புகள் வாயிலாக, கேரளத்து இளம்பெண்கள் பலர் அங்குச் சென்று, மொழி பயின்று, பணியில் அமர்ந்தனர். 1973 நவம்பரில் அந்நாடு அயல்நாட்டுத் தொழிலாளரைச் சேர்ப்பதை நிறுத்தியது. 1970களின் பிற்பகுதியில் சில மாநிலங்கள் இச்செவிலியரின் அநுமதியைப் புதுப்பிக்க மறுத்தன. நோயாளரைப் பேணிய கைகளில் குறையொன்றும் இல்லை; நாட்டின் தேவைதான் மாறிற்று. சிலர் தாயகம் திரும்பினர்; சிலர் அமெரிக்கா போன்ற நாடுகளை நாடினர். தங்கியவருக்கும் இடர் இருந்தது: மணந்து வந்த கணவன்மார் பல ஆண்டுகள் வேலை அநுமதியின்றி வீட்டில் இருக்க நேர்ந்தது.

வளைகுடா நாடுகளில் இச்சோதனை வேறு உருவம் கொண்டது. அங்கே தங்கும் உரிமை, அழைத்த முதலாளியுடன் பிணைக்கப்பட்டது. வேலை போனால் தங்கும் உரிமையும் ஆட்டங்கண்டது. சவூதி அரேபியா 2011இல் தொடங்கிய நிதாகத் திட்டம், நிறுவனங்கள் தம் நாட்டாரை இத்தனை விழுக்காடு அமர்த்த வேண்டுமென விதித்தது. விதியை நிறைவேற்றாத நிறுவனத்தில் பணிபுரிந்தோர் அநுமதியைப் புதுப்பிக்க இயலாமல் தவித்தனர்.

இத்தகைய நிலையற்ற தன்மைக்குத் தாயகம் செய்த மறுமொழி யாது? கேரள அரசாங்கம் 1977இல் திருவனந்தபுரத்தில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு மேம்பாட்டு நிறுவனத்தை அமைத்தது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், ஆள் சேர்க்கும் முகவர்கள் பதிவு பெறுவதைக் கட்டாயமாக்கியது. 1996இல் அயல்வாழ் கேரளத்தாருக்கெனத் தனி அரசுத் துறையும், 2002இல் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனமும் தோன்றின. குவைத்து வேலைக்காகச் செவிலியரிடம் பல லட்சம் ரூபாய் பறிக்கப்பட்டதாகப் புகார் எழுந்த 2015ஆம் ஆண்டில், குறிப்பிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியரைச் சேர்ப்பது அரசு நிறுவனங்கள் வாயிலாகவே நடைபெற வேண்டுமென மத்திய அரசாங்கம் ஆணையிட்டது. 2021 டிசம்பரில் நோர்க்கா ரூட்ஸ் ஜெர்மனியுடன் ‘டிரிபிள் வின்’ ஒப்பந்தம் செய்தது. ஒருகாலத்தில் அநுமதியைப் புதுப்பிக்க மறுத்த நாடு, மீண்டும் கேரளச் செவிலியரை அழைத்தது. இம்முறை மொழிப் பயிற்சியும் தகுதி அங்கீகாரமும் திட்டத்திலேயே இடம்பெற்றன.

அழைக்கும் நாடு தன் தேவையை அளவிட்டே கதவைத் திறக்கிறது. எனவே, புறப்படுவோர் நுழைவு அநுமதியோடு அமையாமல், அது எத்தனை காலத்துக்கு உரியது, யாரோடு பிணைந்தது, தம் பட்டத்தை அந்நாடு ஏற்குமா, குடும்பத்தாருக்கு என்ன உரிமை என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும். முன்சென்ற செவிலியர் தம் வாழ்நாளைச் செலவிட்டுக் கற்ற பாடம் இது. பின்செல்வோர் இதனைப் புறப்படுமுன்பே கற்றுக்கொள்ளலாம்.