ஆயுள் தண்டனையின் அளவு: தீவாந்தரம் முதல் சிறப்புத் தண்டனை வரை

இந்தியக் குற்றவியல் சட்டத்தில் தூக்குக்கு அடுத்த பெரிய தண்டனை ஆயுள் தண்டனை. அது எத்தனை ஆண்டு என்று கேட்டால் பதினான்கு என்பார் ஒருவர், இருபது என்பார் இன்னொருவர், சாகும்வரை என்பார் மூன்றாமவர். மூன்று விடைக்கும் சட்டத்தில் ஏதோ ஓர் ஆதாரம் இருக்கிறது. முழு ஆதாரம் எதற்கும் இல்லை. இந்தக் குழப்பத்தை வழக்கறிஞர்களின் சொற்போராக மட்டும் பார்த்துவிட முடியாது. தண்டனையின் நீளத்தைச் சட்டமே எழுதாமல் விட்டதால், அதை முடிவு செய்யும் அதிகாரம் ஒன்றரை நூற்றாண்டாகக் கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் அது காலனி நிர்வாகத்திடம் இருந்தது. பிறகு மாநில அரசுகளிடம் சேர்ந்தது. இப்போது உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுள்ளன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயமான காரணம் இருந்தது. ஆனால் அதிகாரம் மாறியபோது அளவுகோல் உருவாகவில்லை என்பதே இந்த வரலாறு காட்டும் உண்மை.

தொடக்கத்தில் இந்தத் தண்டனையின் பெயரே வேறு. தீவாந்தர சிட்சை என்று தமிழில் வழங்கிய அது, காலத்தைவிடத் தூரத்தைக் கொண்டே மனிதரை அச்சுறுத்தியது. பாளையக்காரர் போரில் பிடிபட்ட சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட பலர் 1802-இல் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டனர். 1858-இல் அந்தமானின் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றம் தொடங்கியது. 1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம் இந்த நடைமுறையை அப்படியே ஏற்று, ஆயுள் முழுவதும் நாடு கடத்துதலைத் தண்டனைப் பட்டியலில் வைத்தது. கடல் கடந்து போனவர் திரும்பி வருவது அரிது என்ற நிலையில், எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கு அவசரம் இருக்கவில்லை. அதே சட்டத்தில் இரண்டு எண்கள் இருந்தன. பிரிவு 55, அரசு இத்தண்டனையைப் பதினான்கு ஆண்டுக்கு மேற்படாத சிறையாக மாற்றலாம் என்றது. பிரிவு 57, தண்டனையின் பின்னங்களைக் கணக்கிட ஆயுளை இருபது ஆண்டாகக் கொள்ளச் சொன்னது. ஒரு குற்ற முயற்சிக்கு ஆயுளில் பாதி என்றால் பத்தாண்டு என்று கண்டுகொள்வதற்கான கணக்கு அது. இவ்விரு எண்களும் அவற்றுக்குரிய சிறிய வேலையை விட்டு வெளியேறி, ஆயுள் தண்டனையின் பொருளாகவே மக்கள் மனத்தில் பதிந்தன.

வ.உ. சிதம்பரனாரின் வழக்கு இதற்குச் சான்று. 1908-இல் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே அவருக்கு விதித்த இரட்டை ஆயுள் தண்டனை, நாற்பதாண்டு என்றே இன்றும் சொல்லப்படுகிறது. ஓர் ஆயுள் தண்டனை இருபது ஆண்டு என்ற எண்ணமே அந்தக் கணக்கின் அடிப்படை. மேல்முறையீட்டில் தண்டனை வெகுவாகக் குறைந்தது. தீவாந்தரம் என்று தீர்ப்பு எழுதப்பட்டவர் அந்தமானைப் பார்க்கவேயில்லை. கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில் இருந்துவிட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்தார். தீர்ப்பில் எழுதப்பட்ட தண்டனையும் கைதி அனுபவித்த தண்டனையும் வெவ்வேறாக இருப்பது அன்றே தொடங்கிவிட்டது.

விடுதலைக்குப் பின், 1955-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டம் தீவாந்தரத்தை நீக்கி, அந்த இடத்தில் ஆயுள் சிறை என்ற சொல்லை வைத்தது. தூரம் போன பிறகு தண்டனையில் எஞ்சியது காலம் மட்டுமே. அந்தக் காலத்தை எண்ணால் குறிக்க அதுவே தக்க தருணம். நாடாளுமன்றம் அதைச் செய்யவில்லை. சில ஆண்டுகளில் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. காந்தி கொலை வழக்கில் 1949-இல் தண்டிக்கப்பட்ட கோபால் கோட்சே, சிறையில் ஈட்டிய தண்டனைக் கழிவு நாட்களைச் சேர்த்தால் இருபது ஆண்டு முடிந்துவிட்டதாக வாதிட்டார். 1961-இல் நீதிமன்றம் அதை மறுத்தது. ஆயுள் என்றால் எஞ்சிய வாழ்நாள் முழுவதும். அரசு மனமுவந்து குறைத்தாலன்றி விடுதலை கோர உரிமை இல்லை என்றது. ஆனால் 1964-இல் அரசு அவரை விடுவித்தது. நீதிமன்றம் ஆயுளுக்குப் பொருள் சொன்னாலும், அதன் நீளத்தை நடைமுறையில் நிர்ணயித்தது அரசே.

அந்த அதிகாரம் எப்படிப் பயன்பட்டது என்பதே அடுத்த மாற்றத்துக்குக் காரணம். கொலைக் குற்றவாளிகள் கூட ஐந்தாறு ஆண்டுகளில் வெளியே வருவதாக எழுந்த குறையை அடுத்து, 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 433அ சேர்க்கப்பட்டது. மரண தண்டனைக்குரிய குற்றத்தில் ஆயுள் பெற்றவர் குறைந்தது பதினான்கு ஆண்டு உண்மையாகவே சிறையில் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. 1980-இல் மாரு ராம் வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு இப்பிரிவை ஏற்றது. அதேவேளை, அரசமைப்பின் 72, 161 ஆகிய பிரிவுகள் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் தரும் அதிகாரத்தை அது தொடாது என்றும் கூறியது. அந்த வழியில்தான் 2008-இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி, ஏழாண்டு முடித்த ஆயுள் கைதிகளைத் தமிழ்நாடு அரசு பெருந்தொகையில் விடுவித்தது. குறைந்தபட்சக் காலம் வந்ததே தவிர, அதற்கு மேல் யாரை, எப்போது, எதற்காக விடுவிப்பது என்ற அளவுகோல் வரவில்லை. பதினான்கு என்பது குறைந்தபட்ச எல்லை. மக்கள் பேச்சில் அதுவே முழுத் தண்டனையாகிவிட்டது.

அதே 2008-இல் உச்ச நீதிமன்றம் வேறொரு பாதையைத் திறந்தது. சுவாமி சிரத்தானந்தா வழக்கில், தூக்கு மிகை, பதினான்கு ஆண்டு குறை என்று கருதிய மூன்று நீதிபதிகள் அமர்வு, கழிவே இல்லாமல் வாழ்நாள் முழுவதும் சிறை என்று விதித்தது. அதன் பின் 20, 30, 35 ஆண்டு என்று வழக்குக்கு வழக்கு வேறுபட்ட எண்கள் தீர்ப்புகளில் இடம்பெற்றன. ராஜீவ் காந்தி கொலை வழக்கின் எழுவரை விடுவிக்கத் தமிழ்நாடு அரசு 2014 பிப்ரவரியில் எடுத்த முடிவிலிருந்து எழுந்த ஸ்ரீஹரன் வழக்கில், 2015 டிசம்பர் 2 அன்று அரசமைப்பு அமர்வு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இந்தச் சிறப்புத் தண்டனையை ஏற்றது. உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே இதை விதிக்கலாம் என்று பெரும்பான்மை கூறியது. சட்டத்தில் இல்லாத ஒரு தண்டனையை நீதிமன்றம் உருவாக்க முடியாது என்பது நீதிபதிகள் லலித், சப்ரே இருவரின் மாறுபட்ட கருத்து.

இந்த மாற்றத்தை ஆதரிப்போர் சொல்லும் முதல் காரணம், அது பலரைத் தூக்கிலிருந்து காப்பாற்றியது என்பது. இது உண்மை, இதன் மதிப்பைக் குறைக்கக் கூடாது. ஆனால் தூக்குக்கு மாற்றாகப் பிறந்த தண்டனை அந்த எல்லைக்குள் நிற்கவில்லை. மரண தண்டனைக்குரிய வழக்கு அல்லாதபோதும் இதை விதிக்கலாம் என்று 2023-இல் சிவகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே கூறியது. அப்படியானால், தூக்கை நெருங்காத ஒருவருக்கும் தண்டனை நீள்கிறது. இரண்டாவது காரணம், அரசுகளின் கையில் விட்டால் விடுதலை அரசியலாகிவிடும் என்பது. பில்கிஸ் பானு வழக்கின் குற்றவாளிகள் பதினொருவரைக் குஜராத் அரசு 2022-இல் விடுவித்ததும், அந்த அரசுக்கு அதிகாரமே இல்லை என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை ரத்து செய்ததும் இந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல என்று காட்டுகின்றன. ஆயினும் அங்கே தவற்றைத் திருத்தியது நீதிமன்றத்தின் மறுஆய்வு அதிகாரம். அதற்கு விடுதலையின் வாசலையே முன்கூட்டி அடைக்கத் தேவை இருக்கவில்லை. தீர்ப்பு நாளில் நீதிபதி பார்ப்பது குற்றம் செய்த மனிதரை. இருபத்தைந்து ஆண்டுக்குப் பின் அவர் எப்படி மாறியிருப்பார் என்பதை அன்று எந்த நீதிபதியாலும் அறிய முடியாது.

சட்டத்தில் அளவுகோல் வேண்டும் என்ற வாதத்துக்கு எழும் மறுப்பு இன்னும் வலுவானது: குற்றங்கள் ஒன்றுபோல இருப்பதில்லை, ஆகவே எண்ணால் நீதிபதியைக் கட்டக் கூடாது. கட்டச் சொல்லவில்லை என்பதே விடை. எந்த வகைக் குற்றத்துக்கு எந்த வரம்புக்குள் ஆண்டுகள், எந்தக் காரணங்கள் கூட்டும், எவை குறைக்கும், மறுபரிசீலனை எப்போது என்று சட்டம் சொல்லலாம். அந்த வரம்புக்குள் தேர்வது நீதிபதியின் வேலை. தண்டனை விதிக்க வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்கான மலிமத் குழு 2003-லேயே பரிந்துரைத்தது. நாடாளுமன்றத்தாலும் இதைத் தெளிவாக எழுத முடியும். 2013-இல் பாலியல் வன்கொடுமைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆயுள் என்றால் எஞ்சிய வாழ்நாள் என்று சில பிரிவுகளில் வெளிப்படையாகவே எழுதியது. மற்ற பிரிவுகளில் அந்தச் சொற்கள் இல்லை. அந்த மௌனத்தின் பொருளை ஒவ்வொரு அமர்வும் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்கிறது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. பின்னங்களைக் கணக்கிட ஆயுள் என்றால் இருபது ஆண்டு என்ற 1860-ஆம் ஆண்டின் விதி அதன் ஆறாம் பிரிவாகத் தொடர்கிறது. தண்டனை வழிகாட்டு நெறிகள் அதில் இல்லை. ஒரு மனிதரின் வாழ்நாளைப் பறிக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தாலும், அதன் அளவு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதை எழுதும் கடமை நாடாளுமன்றத்தினுடையது. 1955-இல் தவறவிட்ட அந்தக் கடமை இன்னும் நிலுவையில் இருக்கிறது.