வஸ்வாஸுக்கு வைத்தியம்: உளச் சிகிச்சையாளரைத் தேடுவதும் கட்டணத்தைச் சமாளிப்பதும்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று சில மாதங்களாக யோசித்தேன். ஓர் ஆசிரியர் தனது மனநோயைப் பற்றி எழுதினால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் எங்கே போவது, யாரைக் கேட்பது, எவ்வளவு முடியும் என்று தெரியாமல் இதே கஷ்டத்தோடு வீட்டுக்குள் முடங்கியிருக்கும் சகோதர, சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது உதவட்டும் என்ற நிய்யத்தில் எழுதுகிறேன்.

நான் கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்தவன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, இருபது வருடங்களாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். நாற்பது வயதைத் தாண்டியபோது எனக்கு வஸ்வாஸ் முற்றியது. ஸுபஹுக்கு வுழூ செய்யப் போனால் முக்கால் மணித்தியாலம் எடுக்கும். முழங்கை நனைந்ததா என்று சந்தேகம் வரும், திரும்பக் கழுவுவேன். கழுவி முடிந்ததும் நிய்யத்தில் சந்தேகம் வரும். மேலே உள்ள தாங்கி காலியாகி, பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும்போது முகம் கழுவத் தண்ணீர் இருக்காது. தவணைப் பரீட்சை விடைத்தாள்களின் புள்ளிகளை ஐந்தாறு தடவை கூட்டுவேன், அப்போதும் திருப்தி வராது. கடைசியில் ஜமாஅத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். தொழுகையை நேசித்தவன் தொழுகை நேரம் வந்தாலே பயப்படத் தொடங்கினேன்.

ஒரு நாள் மனைவி, "இஞ்சப் பாருங்க, இது பேணுதல் இல்ல, இது வருத்தம். மருந்து செய்யத்தான் வேணும்" என்றார். அந்தச் சொல்தான் என்னைத் தெருவில் இறக்கியது.

நான் விட்ட பிழைகள்

முதலில் எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் போனேன். உறுதியாகத் தெரிந்த ஒன்று சந்தேகத்தால் நீங்காது என்ற பிக்ஹு விதியை அழகாக விளக்கி, "வஸ்வாஸ் உள்ளவர் சந்தேகத்தைக் கணக்கெடுக்கத் தேவையில்லை" என்றார். மனம் ஆறியது, அரை மணித்தியாலத்துக்கு மட்டும். அடுத்த நாள் அதே கேள்வியோடு போனேன், அதற்கு அடுத்த நாளும் போனேன். ஒரே விஷயத்துக்குத் திரும்பத் திரும்பப் பத்வா கேட்பதும் இந்த நோயின் ஒரு பகுதிதான் என்பது பிறகுதான் விளங்கியது.

பிறகு ஓதிப் பார்த்தோம். துஆவிலும் ஓதலிலும் எனக்கு முழு நம்பிக்கை உண்டு, இன்றும் ஓதுகிறேன். பிழை ஓதியதில் இல்லை, அதைச் சாட்டாக வைத்து வைத்தியத்தை ஒரு வருடம் பிற்போட்டதில்தான் இருந்தது.

மூன்றாவதாக, நகரத்தில் 'உளவளத்துணையாளர்' என்று பலகை போட்டிருந்த ஒருவரிடம் போனேன். ஒரு தடவைக்கு 3,500 ரூபா வீதம் மூன்று தடவை. "அதை நினைக்காதீங்க சேர், மனதை வேறு பக்கம் திருப்புங்க" என்றார். நினைக்காமல் இருக்க முடிந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்? அவர் கெட்டவர் அல்ல, இந்த நோய்க்குப் பயிற்சி பெற்றவர் அல்ல, அவ்வளவுதான். அதைக் கேட்டறியாமல் 10,500 ரூபாவைக் கொடுத்தது எனது பிழை.

சீ.பி.டி. என்றால் என்ன?

அறிகை நடத்தைச் சிகிச்சை என்பதைத்தான் சுருக்கமாக சீ.பி.டி. என்கிறார்கள். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரொன் பெக் இதனை உருவாக்கினார். எமது எண்ணம், உணர்வு, செயல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுத்துச் செல்கின்றன. பிழையான எண்ணத்தைச் சோதித்துப் பார்த்து, செயலை மாற்றினால் உணர்வும் மாறும் என்பதே இதன் அடிப்படை. சும்மா மனம் விட்டுப் பேசுவது அல்ல இது. ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு நிகழ்ச்சி நிரல் இருக்கும், வீட்டு வேலையும் இருக்கும். பொதுவாக 6 முதல் 20 அமர்வுகளுக்குள் முடியும்.

இது எமக்கு முற்றிலும் அந்நியமான விஷயமும் அல்ல. கி.பி. 850 முதல் 934 வரை வாழ்ந்த அபூ ஸைத் அல் பல்கீ என்ற அறிஞர், உடல், உள்ளம் இரண்டினதும் ஆரோக்கியம் பற்றி ஒரு நூல் எழுதினார். கோபம், பயம், கவலை, வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, அவற்றை எண்ணங்களைக் கொண்டே எதிர்கொள்ளும் வழிகளை அதில் சொல்லியிருக்கிறார். சூடானைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் மாலிக் பத்ரி அதன் உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார்.

எனது நோய்க்கு சீ.பி.டி.யில் ஒரு தனி முறை உண்டு. சந்தேகம் வரும் இடத்தில் நின்று, ஆனால் திரும்பக் கழுவாமல் இருக்கப் பழக்குவது. ஒரு செம்புத் தண்ணீர், ஒரு தடவை வுழூ, பிறகு சந்தேகத்தோடேயே தக்பீர். முதல் வாரம் நெஞ்சு படபடத்தது, வியர்த்தது. திரும்பக் கழுவாவிட்டாலும் அந்தப் பதற்றம் சிறிது நேரத்தில் தானாகவே இறங்கும் என்பதை உடம்பு மெதுவாகக் கற்றுக்கொண்டது. மார்க்கத்தில் எது போதுமானது என்பதை மௌலவியிடம் ஒரே ஒரு தடவை கேட்டு எழுதி வைத்தோம். அதற்குப் பிறகு யாரிடமும் கேட்பதில்லை என்பதும் வீட்டு வேலையில் ஒன்று. "சரியாகக் கழுவினேனா?" என்று கேட்டால் பதில் சொல்வதில்லை என்று மனைவியும் ஒப்புக்கொண்டார்.

யார் யார் என்று தெரிந்து கொள்ளுங்கள்

மனநல வைத்திய நிபுணர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்ற டொக்டர். நோயை நிர்ணயித்து மருந்து எழுதுவார். சனல் பண்ணிப் போனால் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். நீண்ட உளச் சிகிச்சைக்கு அந்த நேரம் போதாது.

சிகிச்சைசார் உளவியலாளர் உளவியலில் உயர் பட்டமும் நோயாளர்களோடு பயிற்சியும் பெற்றவர். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இதற்கென எம்.பில். கற்கை உண்டு. சீ.பி.டி. செய்வதற்குப் பெரும்பாலும் தேட வேண்டியவர் இவரே.

உளவளத்துணையாளர் என்பது பரந்த பெயர். நல்ல பயிற்சி பெற்றவரும் இருப்பார், சில மாத டிப்ளோமா செய்தவரும் இருப்பார். குடும்பப் பிரச்சினை, இழப்பு, பரீட்சைப் பயம் போன்றவற்றுக்கு இவர்கள் பெரும் உதவி செய்யலாம். நோய் என்று வரும்போது பயிற்சி என்னவென்று கேட்டே ஆக வேண்டும்.

இலவச வழியில் தொடங்குங்கள்

கையில் காசு இருந்தாலும் முதலில் அரச வைத்தியசாலைக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். போதனா வைத்தியசாலைகளிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் மனநல கிளினிக் நடக்கிறது. பல ஆதார வைத்தியசாலைகளில் மனநலத்துக்குப் பொறுப்பான வைத்திய அதிகாரி இருக்கிறார். ஓ.பி.டி.யில் சொன்னால் வழி காட்டுவார்கள். நோய் என்னவென்று சரியாகத் தெரிந்தால்தான் எந்தச் சிகிச்சைக்குக் காசு கொடுப்பது என்பது தெரியும். எனக்குக் கிளினிக்கில் புளொக்ஸெட்டின் தந்தார்கள், ஒரு சதமும் செலவில்லை. வேலை செய்யச் சில வாரங்கள் எடுத்தது. ஆனால் சீ.பி.டி. வீட்டு வேலையைத் தாங்கும் தெம்பைத் தந்தது. டொக்டரைக் கேட்காமல் மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள்.

"இங்கே சீ.பி.டி. செய்பவர் யாராவது இருக்கிறார்களா? இல்லாவிட்டால் யாரிடம் அனுப்புவீர்கள்?" என்று கிளினிக்கிலேயே கேளுங்கள். எனக்குச் சரியான ஆள் கிடைத்தது இந்தக் கேள்வியால்தான், விளம்பரத்தால் அல்ல.

பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அந்தச் சேவையும் இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் கட்டுரை வாசித்துக்கொண்டு இருக்க வேண்டாம். அந்த இலக்கத்தை அழையுங்கள், அல்லது கிட்டிய வைத்தியசாலைக்குப் போங்கள்.

போனில் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

முதல் அமர்வுக்குக் காசு கட்டுவதற்கு முன்னர் இவற்றைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல சிகிச்சையாளர் கோபப்பட மாட்டார்.

1. எங்கே, எவ்வளவு காலம் பயின்றீர்கள்? இலங்கை மருத்துவ சபையிலோ வேறு தொழில்சார் அமைப்பிலோ பதிவு இருக்கிறதா?

2. எனது பிரச்சினைக்கு எந்த முறையில் சிகிச்சை செய்வீர்கள்? வஸ்வாஸ் நோய் என்றால், சந்தேகத்தை எதிர்கொண்டு திரும்பச் செய்யாமல் இருக்கப் பழக்கும் முறையில் அனுபவம் உண்டா?

3. ஏறத்தாழ எத்தனை அமர்வு தேவைப்படும்? முன்னேற்றத்தை எப்போது மீளாய்வு செய்வோம்? "அது போகப் போகப் பார்ப்போம்" என்பது மட்டுமே பதில் என்றால் யோசியுங்கள்.

4. ஓர் அமர்வு எத்தனை நிமிடம், கட்டணம் எவ்வளவு? வர முடியாமல் போனால் கட்ட வேண்டுமா? குறைந்த வருமானம் உள்ளவருக்குச் சலுகை உண்டா?

5. முழுவதும் தமிழில் பேசலாமா? மனதின் வலியை இரண்டாம் மொழியில் சொல்வது கடினம். வுழூ, குளிப்பு, நஜீஸ் பற்றிப் பேசும்போது ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க முடியாது. சிகிச்சையாளர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பதில்லை. எனக்குச் சிகிச்சை செய்தவர் முஸ்லிம் அல்ல, ஆனால் தெரியாததைக் கேட்டறிந்தார், தொழுகையை ஒரு தடவையும் குறை சொல்லவில்லை.

6. இரகசியம் பேணப்படுமா? எந்தச் சந்தர்ப்பத்தில் மட்டும் பிறருக்குச் சொல்வீர்கள்? பெண்கள் பெண் சிகிச்சையாளரைக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் கண்ணாடிக் கதவுள்ள அறை, வெளியே மஹ்ரம் காத்திருப்பது, ஸூம் மூலம் அமர்வு போன்ற ஏற்பாடுகளைத் தயங்காமல் கேளுங்கள்.

செலவை எப்படிக் கணக்கிடுவது?

நான் கணித ஆசிரியர் அல்லவா, கணக்கையும் சொல்கிறேன். எனக்கு ஓர் அமர்வுக்கு 4,000 ரூபா. மொத்தம் 12 அமர்வுகள், 48,000 ரூபா. முதல் நான்கு வாரம் வாரத்துக்கு ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஆகவே செலவு ஐந்து மாதங்களில் பரவியது. முதல் அமர்வு மட்டும் நேரில், மற்றவை ஸூமில் நடந்தன. பஸ் காசும் லீவும் மிச்சம்.

ஓர் அமர்வின் விலையை மட்டும் பார்க்காதீர்கள், மொத்தத்தைப் பாருங்கள். முறை தெரியாதவரிடம் 2,000 ரூபாவுக்கு முப்பது தடவை போவதை விட, முறை தெரிந்தவரிடம் 4,000 ரூபாவுக்குப் பன்னிரண்டு தடவை போவது மலிவு. ஆறு அமர்வுக்கான காசைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இரண்டோடு நிறுத்தினால் அந்த இரண்டும் வீண். வீட்டு வேலையைச் செய்யாமல் போனாலும் அதே கதைதான். நோய் குறைவது அடுத்த அமர்வு வரைக்கும் நாம் வீட்டில் செய்வதால்தான். சிகிச்சையாளரின் அறையில் இருப்பது கொஞ்ச நேரமே.

அரச ஊழியர்களுக்குச் சம்பளத்தில் வெட்டப்படும் அக்ரஹார காப்புறுதி பெரும்பாலும் வைத்தியசாலையில் தங்கிச் செய்யும் சிகிச்சைக்கானது. அதை நம்பி உளச் சிகிச்சையைத் தொடங்க வேண்டாம். தனியார் காப்புறுதி வைத்திருப்போர் உளச் சிகிச்சை உள்ளடங்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் மனைவியின் சீட்டுக் காசில் கட்டினேன். அவருக்கு ஒரு சோடி காப்பு வாங்க வைத்திருந்த காசு அது. அல்லாஹ் அவருக்கு நற்கூலி தரட்டும்.

ஊரிடம் ஒரு வேண்டுகோள்

எல்லோருக்கும் சீட்டுக் காசு இருக்காது. சிறுநீரக நோயாளிக்கும் இருதய சத்திரசிகிச்சைக்கும் பள்ளிவாசலில் காசு சேர்க்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஓர் ஏழைத் தாயின் உளச் சிகிச்சைக்கு ஆறு அமர்வுக் காசை, பெயரை வெளியிடாமல், அதே நிதியிலிருந்து கொடுக்க முடியாதா? ஸகாத் நிதியிலிருந்து கொடுக்க இடமுண்டா என்பதை உலமாக்கள் தெளிவுபடுத்தட்டும். எமது பிள்ளைகளில் ஓரிருவரையாவது உளவியல் படிக்க வைப்பதும் எமது பொறுப்பே. உயர்தரம் படிக்கும் பிள்ளைகளிடம் டொக்டர், எஞ்சினியர் என்ற இரண்டு பெயர்களை மட்டுமே சொல்லி வந்தவர்களில் நானும் ஒருவன்.

நான் முழுமையாகக் குணமாகிவிட்டேன் என்று சொல்லவில்லை. சந்தேகம் இன்னும் வரும், வந்து போகும். இன்று ஸுபஹுக்கு வுழூ செய்ய நான்கு நிமிடம் எடுத்தது. முதல் ஸப்பில் நின்று தொழுதேன்.