எழுதியவர் பெயர்: தமிழ்ச் சுவடித் தொழில்கள் மாறிய வரலாறு

தமிழ்ச் சுவடிகளைப் பற்றிய எழுத்துகளில் நூல்களும் பதிப்பாசிரியர்களும் நிறைந்திருக்கிறார்கள். ஓலையைப் பாடம் செய்தவர், எழுதியவர், படியெடுத்தவர், ஒப்புப் பார்த்தவர், பட்டியல் தயாரித்தவர் என்று சுவடியை நம்பிப் பிழைத்தவர்களோ அங்கொரு வரி, இங்கொரு வரியாகத்தான் தென்படுகிறார்கள். இக்கட்டுரை அவர்களுடைய தொழில் மாறிவந்த வழியைப் பார்க்கிறது. ஒரே ஆளிடம் இருந்த திறன் 19ஆம் நூற்றாண்டில் பல வேலைகளாகப் பிரிந்தது. அப்போது ஏட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கும் அறிஞர் என்று மதிக்கப்பட்டவருக்கும் இடையே ஒரு மேல்கீழ் உண்டாயிற்று. எழுதியவரின் பெயர் எங்கே பதிவாகிறது, எங்கே விடுபடுகிறது என்று பார்த்தால் இந்த மாற்றம் பிடிபடும்.

சோழர் ஆட்சியில் ஓலை எழுதுவது அரசுப் பதவி. அரசன் சொன்னதை எழுத்தாக்கியவர்களும், அவர்களுக்கு மேலே திருமந்திர ஓலை நாயகமும் இருந்தனர். வருவாய்த் துறையில் வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலிடு, பட்டோலை என்று எழுத்துப்பணிகளே வரிசைகட்டி நின்றன. முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடு (லெய்டன் செப்பேடு என்று அறியப்படுவது) இதற்கு நல்ல சான்று. ஆணையில் கைவைத்த அலுவலர்கள் அதில் பெயரோடு வருகிறார்கள். செம்பில் எழுத்து வெட்டியவர்களின் பெயர்களும் இருக்கின்றன. சிற்றூர்க் கல்வெட்டுகளிலும் ஊர்க்கணக்கன் ‘இவை இன்னார் எழுத்து’ என்று முடிப்பது வழக்கம். பின்னாளில் நிலத்தகராறு வந்தால் யாரைக் கேட்பது என்ற தேவைதான் இந்தப் பெயர்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

இலக்கியத்தையும் வைத்தியத்தையும் சோதிடத்தையும் எழுதிய ஏடெழுதுவோரின் நிலை வேறு. நம் தட்பவெப்பத்தில் ஓலை 200, 300 ஆண்டு தாங்கினாலே பெரிது. ஆகவே ஒரு நூல் பிழைத்திருக்க வேண்டுமானால் தலைமுறைக்குத் தலைமுறை யாராவது அதைப் படியெடுத்தாக வேண்டும். பனை அல்லது சீதாளப்பனையின் ஓலையை வேகவைத்து உலர்த்தி, தேய்த்து மெருகேற்றி, அளவாக நறுக்கித் துளையிடுவதிலேயே வேலை தொடங்கிவிடும். எழுத்தாணியால் கீறிய கீறல் வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விளக்குக்கரியும் இலைச்சாறும் தடவித் துடைத்த பிறகே எழுத்து எழும்பும். புள்ளி வைத்தால் ஓலை கிழியலாம் என்பதால் மெய்க்குப் புள்ளி இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றே. சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கமும் கிடையாது. இந்த எழுத்தைப் படிக்க யாப்பும் இலக்கணமும் தெரிந்திருக்க வேண்டும். நூலின் பொருளிலும் ஓரளவு பழக்கம் வேண்டும். எழுதும் கையும் படிக்கும் கண்ணும் ஒருவரிடமே இருந்தாக வேண்டிய தொழில் அது. 32 எழுத்துகளை ஒரு கிரந்தமாகக் கொண்டு நூலின் அளவைக் கணக்கிட்டார்கள். எழுத்துக்கூலி பேசுவதற்கும் அது உதவியது.

வேலை முடிந்ததும் ஏட்டின் கடைசியில் ஆண்டு, மாதம், நாள், தன் பெயர், யாருக்காக எழுதினார் என்ற விவரம், பிழை இருந்தால் பொறுக்கும்படி ஒரு வேண்டுகோள் ஆகியவற்றை எழுதி வைப்பவர்கள் பலர். எல்லோரும் எழுதவில்லை. எழுதியவர்களும் பிரபவ, விபவ என்ற அறுபதாண்டுச் சுழற்சியில் ஒரு பெயரை மட்டும் போட்டுவிடுவதால், அது எந்தச் சுற்று என்று நாம் முட்டிமோத வேண்டியிருக்கிறது. தென்மாவட்டங்களில் எழுதப்பட்ட ஏடுகளில் கொல்லம் ஆண்டும் சேர்ந்திருந்தால் ஆய்வாளருக்கு அது அதிர்ஷ்டம்.

கும்பினி ஆட்சியில் புதிய வேலைகள் பிறந்தன. 1812இல் சென்னையில் அமைந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தமிழ்ப் புலவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. கும்பினி அதிகாரி எல்லிஸ், வீரமாமுனிவரின் ஏடுகளைத் தேடிவர முத்துசாமி பிள்ளையைத் தெற்கே அனுப்பினார். அந்தத் தேடலிலிருந்து முனிவரின் வாழ்க்கை வரலாறு ஒன்றும் தமிழில் வந்தது. ஏடு தேடி ஊர் ஊராகப் போவது சம்பளத்துக்குரிய உத்தியோகமான தொடக்க நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

இதைப் பெரிய அளவில் செய்தவர் காலின் மெக்கன்சி. நில அளவைக்காரரான அவரிடம் தமிழோ தெலுங்கோ படிக்கும் திறன் இல்லை. காவலி வெங்கட போரய்யாவும், 1803இல் அவர் இறந்த பிறகு தம்பி லட்சுமய்யாவும் உதவியாளர்களை ஊர்களுக்கு அனுப்பிச் சுவடிகளை வாங்கினார்கள். கல்வெட்டுகளைப் படியெடுக்கவும் ஊர்வரலாறுகளை எழுதி வாங்கவும் ஏற்பாடு செய்தார்கள். இந்திய அறிவுக்குள் தனக்கு வாசல் திறந்துவிட்டவர் போரய்யாதான் என்று மெக்கன்சியே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1821இல் மெக்கன்சி இறந்ததும் கும்பினி அவருடைய மனைவியிடமிருந்து தொகுப்பை விலைக்கு வாங்கியது. 1828இல் ஹொரேஸ் ஹேமன் வில்சனின் பட்டியல் அச்சானது.

அடுத்து நடந்தது இத்தொழிலின் வரலாற்றில் முக்கியமானது. நின்றுபோன பணியைத் தானே தொடர்ந்து நடத்துவதாக 1830களில் லட்சுமய்யா அரசுக்கு விண்ணப்பித்தார். கருத்துக் கேட்கப்பட்ட வங்க ஆசியக் கழகத்தின் செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப், சுதேசிகள் துணைவேலைக்குப் பயன்படுவார்களே தவிரத் தலைமைக்குப் போதமாட்டார்கள் என்ற பொருளில் எழுதினார். பணி வில்லியம் டெய்லர் பாதிரியாருக்குப் போயிற்று. அவருடைய பட்டியல் 1857 முதல் 1862 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. தொகுப்பை உள்ளும் புறமும் அறிந்தவர் உதவியாளராகவும், மேலிருந்து பட்டியலிடுபவர் ஆசிரியராகவும் ஆன பிரிவினை இங்கே எழுத்துபூர்வமாகவே நிலைபெற்றுவிட்டது. டெய்லரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு ஏடு படித்துக் காட்டியவர்கள் யார் என்ற கேள்வியை நாம் இன்னும் போதிய அளவு கேட்கவில்லை.

மெக்கன்சி, ஜான் லெய்டன், சி.பி.பிரவுன் ஆகியோரின் தொகுப்புகளை அடித்தளமாகக் கொண்டு 1869இல் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் உருவானது. இன்று 70,000க்கும் மேற்பட்ட சுவடிகள் கொண்ட அந்நூலகம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவடித்தொழிலின் பெரும் பட்டறையாக இருந்தது. ரங்காச்சாரியார், குப்புசாமி சாஸ்திரியார் ஆகியோரின் மேற்பார்வையில் விளக்க அட்டவணைகள் வந்தன. எழுதப்பட்ட பொருள், நீள அகலம், பக்கங்கள், பக்கத்துக்கு எத்தனை வரி, எழுத்து வகை, நிலைமை, தோற்றம், பிறகு நூலின் தொடக்கமும் முடிவும் என்ற வார்ப்பு அப்போது உறுதியானது. தேடிச் செல்லும் பண்டிதர்கள் ஊர்களுக்குப் போய், விலைக்குக் கிடைக்காத ஏட்டை இரவல் வாங்கித் தாளில் படியெடுக்கச் செய்தார்கள்.

மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்த அட்டவணைகளில் அத்தகைய படிகளுக்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கும்: இந்த ஆண்டில், இந்த ஊர், மகாராஜராஜஸ்ரீ இன்னாரிடமிருந்த ஏட்டிலிருந்து படியெடுக்கப்பட்டது என்று. ஏட்டின் உடைமையாளருக்கு மரியாதை அடைமொழியோடு இடம் உண்டு. படியெடுத்தவருக்கு அந்த அச்சுக்குறிப்பில் இடமில்லை. அரித்த ஓரங்களில் இருந்த எழுத்துகளை ஊகித்து நிரப்பியவர் அவர். இன்று மூல ஏடு போய்விட்ட இடங்களில் நாம் படிப்பது அவருடைய வாசிப்பை. பெயர் தெரிந்தால் அவருடைய மற்றப் படிகளோடு ஒப்பிட்டு, எங்கே தடுமாறுவார், எங்கே தானாகத் திருத்துவார் என்று கண்டுபிடிக்கலாம். பெயர் இல்லாததால் பாட ஆராய்ச்சிக்கு ஏற்பட்ட நட்டம் சிறியதல்ல.

பதிப்பாசிரியர்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருப்பதால் இங்கே ஒன்று போதும். உ.வே.சாமிநாதையர் தம் முகவுரைகளில் ஏடு கொடுத்தவர்களை ஊரும் பெயருமாகச் சொல்வதோடு, உடனிருந்து உதவியவர்களையும் குறிப்பிடுகிறார். ஒருவர் ஏட்டைப் படிக்க, இன்னொருவர் தம் படியில் சரிபார்க்கும் கூட்டுவேலை அது என்பதை அவர் மறைக்கவில்லை. அரசு அட்டவணை விட்டதை இந்தத் தனிமனிதர் செய்தார்.

1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், ழான் ஃபில்லியோசாவின் திட்டத்திலும் என்.ஆர்.பட்டின் உழைப்பிலும் சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டியது. அங்கும் பண்டிதர்கள் தாளில் படியெடுத்தார்கள். அத்தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடிகளுக்கு 1997இலேயே அந்த இடம் கிடைத்திருந்தது. இதற்கிடையே பழைய எழுத்துத்தொழிலின் கிராமத்துக் கிளையும் முடிந்தது: 1980இல் தமிழக அரசு, ஊர்க்கணக்கு எழுதிவந்த கர்ணம் பதவியை ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது.

1981இல் நிறுவப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையும், சுவடியியல் பட்டயப் படிப்புகளும், 2003இல் வந்த தேசியச் சுவடி இயக்கமும் இந்த வேலைக்குப் புதிய வாசல்களைத் திறந்தன. ஒரு கட்டு வந்ததும் மென்தூரிகையால் தூசி தட்ட வேண்டும். ஒட்டிய ஓலைகளைப் பிரிக்க வேண்டும். மங்கிய எழுத்துக்குக் கரி பூசி, ஓலை துவள்வதற்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவார்கள். பிறகு இடது ஓரத்துத் தமிழ் எண்களைப் பார்த்து ஏடுகளை வரிசைப்படுத்தி, இரு பக்கமும் படம் எடுத்து, விவரம் பதிய வேண்டும். கயிறு அறுந்து இரண்டு மூன்று நூல்கள் கலந்துபோன கட்டுகள் சாதாரணம். அங்கே ஓரத்து எண்ணை மட்டும் நம்பினால் வைத்திய ஏட்டின் நடுவே சோதிட ஏடு புகுந்துவிடும். ஆகவே படக்கருவிக்கு முன்னால் ஏடு படிக்கத் தெரிந்தவர் உட்கார்ந்திருக்க வேண்டும். எத்தனை பக்கம் படமாயிற்று என்று எண்ணிக் கணக்குக் கொடுக்கும் திட்டங்களில் இந்த ஆளைத்தான் முதலில் மிச்சம்பிடிக்கிறார்கள். படம் எடுத்த பிறகு அடையாளம் காணலாம் என்று தள்ளிவைத்த கட்டுகள், கணினியில் ‘பல்பொருள்’ என்ற பெயரில் தேங்கிக் கிடக்கின்றன.

இனி வரும் பட்டியல்களில் இரண்டு கூடுதல் கட்டங்கள் போதும்: ஏட்டை எழுதியவர் யார், இந்த விவரத்தைப் படித்துப் பதிந்தவர் யார். முதலாவதற்கு விடை பல சுவடிகளின் கடைசி ஏட்டிலேயே இருக்கிறது.