ஆவியும் அநங்கனும்: ஊவாத் தோட்டங்களில் ஒரு நகைச்சுவைத் தொடர்படம்

ஒரு படத்தின் கதைமாந்தரை மீண்டும் எழுப்பி அவர்தம் கதையைத் தொடர்வது தமிழ்ச் சினிமாவிலே நெடுங்காலம் பெருவழக்காக இருந்ததில்லை. 1973 ஆம் ஆண்டு வெளிவந்த 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தின் இறுதியில் 'கிழக்கு ஆபிரிக்காவில் ராஜு' என அடுத்த படம் அறிவிக்கப்பட்டது. கண்டிச் சீமையிலே பிறந்த எம். ஜி. ஆர். அதனை எடுக்காமலே 1987 இல் மறைந்தார். அறிவித்தபடி வராத அந்தத் தொடர்ச்சிக்கு மாறாக, எவரும் பெரிதாக எதிர்பாராத ஒரு தொடர்ச்சி 1985 ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி வந்தது. 1979 இல் ஜி. என். ரங்கராஜன் இயக்கிய 'கல்யாணராமன்' படத்தின் பின்கதையாக எஸ். பி. முத்துராமன் இயக்கிய 'ஜப்பானில் கல்யாணராமன்' என்பதே அது. இரண்டுக்கும் கதைவளம் பஞ்சு அருணாசலத்தினுடையது, இசை இளையராஜாவினுடையது, இரண்டிலும் கமல்ஹாசன் இரட்டை வேடம் தாங்கினார். இவ்விரண்டாம் படத்தை, ஊவா மாகாணத் தோட்டங்களின் கலை மரபையும் அக்காலத்து வரலாற்றையும் துணையாகக் கொண்டு மீண்டும் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்படத்தின் கதை பலரும் அறிந்ததே. தோட்ட முதலாளி ஒருவரின் மகன் கல்யாணம். பல் துருத்திய, சூதறியாத இளைஞன். சொத்தின்மீது கண்வைத்தோர் அவனைக் கொன்றுவிடுகின்றனர். அவன் ஆவியாகி, சென்னையிலே வாழும் தன் உடன்பிறந்தான் ராமனைத் தேடிச் சென்று அவன்வழியாகப் பழிதீர்க்கின்றான். அந்த ஆவி சிறுவன் ஒருவனுடைய கண்ணுக்கே புலனாகின்றது. மேனாட்டுப் படங்களில் வரும் அதிமானிட வீரன் வேற்றுக் கிரகத்தில் பிறந்தோ விஞ்ஞான விபத்தொன்றில் அகப்பட்டோ தன் ஆற்றலைப் பெறுகின்றான். நமது கல்யாணமோ செத்த பின்னரே வீரனாகின்றான். உயிரோடிருந்த காலத்தில் ஓர் அடியைத் தடுக்க மாட்டாதவன், உடல் நீங்கியதும் பத்துப்பேரை அலைக்கழிக்கின்றான். சிரிப்பும் பரிதாபமும் இந்த முரணிலிருந்தே பிறக்கின்றன. (அத்தகைய முதலாளி 1979 இல் ஊவாவின் பெருந்தோட்டங்களில் இல்லை என்பதையும் இடையிலே கூறிவைக்கலாம். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் அத்தோட்டங்கள் அரசுக்குச் சென்றிருந்தன. திரையிலே கண்ட முதலாளி பதுளைப் பார்வையாளருக்குப் பழங்கதை மாந்தனே.)

இரண்டாம் படம் முதற்படத்தின் வெற்றியைப் பெறவில்லை. இன்றும் அதனை ஒரு குறைப்பட்ட படமாகவே பலர் நினைவுகூர்வர். குறைகள் இல்லாமலும் இல்லை. 1985 மார்ச் முதல் செப்டெம்பர் வரை யப்பானின் ட்சுகுபா நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியைக் காட்டும் பகுதிகள் கதையை நிறுத்திவைத்துவிட்டு நீள்கின்றன. சத்தியராஜின் வில்லத்தனத்துக்குக் கிடைத்த இடம் போதாது. முதன்முறை பார்ப்பவர் கதை எங்கே போயிற்று என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆயின் இப்படத்தைப் பல ஆண்டு இடைவெளியின் பின்னர் மறுபடியும் பார்க்குமிடத்து, எடைபோடும் முறையே வேறாகின்றது. முதற்படத்து ஆவிக்குத் தீர்க்கவேண்டிய ஒரு கணக்கு இருந்தது. தன் கொலைக்குப் பழி. அக்கணக்கு அப்படத்தோடே தீர்ந்தது. இரண்டாம் படத்தில் அது உயிரோடிருப்போருக்குத் துணையாகவே திரும்பி வருகின்றது. கடமை முடிந்த பின்னரும் பாசம் முடியாத ஓர் ஆவி என்பது, பழிவாங்கும் ஆவியினும் நுண்மையான கற்பனை என்பது என் துணிபு. கமல்ஹாசனும் இங்கே அந்தப் பல் துருத்திய முகத்தை வெறும் கேலிக்கு உரியதாக விடாமல், பிரிய மனமில்லாத ஒருவனின் முகமாக ஆக்கிவிடுகின்றார். முதன்முறை கதையைத் துரத்தும் கண் இதனைக் காண்பதில்லை.

இந்த மறுபார்வை முறை மலையகத்தாருக்குப் புதியதன்று. பதுளை, பசறை, லுணுகலை, நமுனுகுலை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களிலே மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடப்படும் வழக்கம் உண்டு. மாசி அமாவாசையை அடுத்துக் காமன் கம்பம் ஊன்றப்படும். சிவன் தவத்தைக் கலைக்கச் செல்லும் மன்மதன், நெற்றிக்கண் தீயால் எரிவான், ரதி புலம்புவாள், அவள் வேண்டுதலுக்கு இரங்கி மன்மதன் எழுப்பப்படுவான். கதை அனைவருக்கும் தெரியும். பாட்டி, தாய், பேத்தி என மூன்று தலைமுறையும் அடுத்தடுத்து அமர்ந்து ஆண்டுதோறும் அதே கதையைப் பார்க்கும். ரதி வேடம் இவ்வாண்டு யாருக்கு, தூதன் எப்படி ஆடினான், கோமாளி தோட்டத்துச் செய்தியில் எதை இழுத்துப் பேசினான், தப்பு எவ்விடத்தில் நின்று எவ்விடத்தில் விரைந்தது என்பனவே பேச்சாகும். முடிவு தெரிந்த பின்னரே கூத்தைப் பார்க்கத் தொடங்குகின்றோம் என்று சொன்னாலும் தவறில்லை. தஞ்சைப் பகுதியில் காமன் எரிந்தான், எரியவில்லை என இரு கட்சியாக நின்று லாவணி பாடும் மரபும் இதன் உறவே. நூற்றுக்கணக்கான தடவை பாடியும் அவ்வழக்கு முடிந்தபாடில்லை.

இங்கே மற்றொரு பொருத்தம் நம் கவனத்துக்கு உரியது. எரிந்த மன்மதன் பழைய உருவோடு எல்லோர் கண்ணுக்கும் தெரியுமாறு எழுவதில்லை. ரதி ஒருத்தி கண்ணுக்கே அவன் உருவுடையவன். ஏனையோருக்கு அவன் அநங்கன், அஃதாவது அங்கமில்லாதவன். கல்யாணத்தின் ஆவியும் அவ்வாறே, அன்புடைய ஒருவர் கண்ணுக்கு மட்டும் வெளிப்படுகின்றது. படத்தை ஆக்கியோர் காமன் கதையை மனத்திற் கொண்டனர் என்று கூறுதற்கு இல்லை. ஆனால் மாசியிலே காமனைப் பார்த்த கண்கள் இந்தப் பேயைப் பார்த்தபோது, அதன் இலக்கணத்தைப் புதிதாகக் கற்கவேண்டிய தேவை இருந்திராது. பெருந்துயரின் நடுவே கோமாளி புகுவதும் அவர்களுக்குப் பழக்கமானதே. கொலைக் கதையில் எதற்கு இத்தனை சிரிப்பு என்ற வினா நகரத்து விமரிசகருக்கு உரியது.

இனி, 1985 ஆம் ஆண்டு ஊவாத் தோட்டத் தமிழருக்கு எத்தகையது என்பதை நோக்குவோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னொரு நாளைக்கென ஒதுக்கியது. 1974 இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மனிதரை இவ்வாறு வகுத்தற் கணக்கிலே வைத்த உடன்படிக்கைகள் உலகில் அதிகமில்லை. பதுளை, பண்டாரவளை நிலையங்களிலிருந்து புறப்பட்ட புகைவண்டியை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றனர். பயணம் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் முடியும். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் என்று எழுதப்பட்ட குடும்பங்கள் பல. 1983 யூலையில் பதுளை நகரத்துத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 1984 இல் போரினாற் கப்பற் சேவையும் நின்றது. போகவேண்டும் என எழுதப்பட்டோரும் போகமுடியாது நின்றனர்.

இந்த நிலையிலே பிரிந்த உடன்பிறந்தோர், கடல் கடத்தல், உருவில்லாத் துணை என்பவற்றைக் கொண்ட ஒரு நகைச்சுவைப் படம் வருகின்றது. நாடற்றவருக்குக் கடவுச்சீட்டுக் கிடையாது. ஆவிக்கோ அது வேண்டியதேயில்லை. கல்யாணம் யப்பானிலே தோன்றும்போது எழும் சிரிப்பை, உலகக் கண்காட்சியைக் காணச் சென்னையிலிருந்து பறக்கக்கூடியவர் ஒரு விதமாகவும், பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்குப் பதில் காத்திருந்தவர் வேறு விதமாகவும் சிரித்திருப்பர். சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாமல், தம்மவர் கண்ணுக்கு மட்டும் புலப்பட்டு வாழ்ந்தோர் அவர்கள். நாடற்றவருக்கு உரிமை வழங்கும் சட்டங்கள் 1986 இலும் 1988 இலும் 2003 இலும் வந்தன. வழக்கு முடிய ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

இத்தகைய படங்கள் தோட்டத்தை அடைந்த வழியும் மறுபார்வைக்கு உதவியது. 1977 இன் பின்னர் இறக்குமதி தளர்த்தப்பட்டபோது வீடியோ டெக் வந்தது. 1982 பெப்ரவரியில் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியது. லயங்களிற் பெரும்பாலானவற்றில் மின்சாரம் இல்லாத காலம். திருவிழாவுக்கோ தீபாவளிக்கோ வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, டவுனிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டி, டெக், ஜெனரேட்டர் ஆகியவற்றை வாடகைக்கு எடுத்து, வெளியிலே சாக்கு விரித்து விடியும்வரை இரண்டு மூன்று படம் பார்ப்பர். நல்ல இடம் வந்தால் கசெற்றைப் பின்னோக்கிச் சுழற்றி மறுபடியும் போடுமாறு கூச்சலிடுவர் என எங்கள் தோட்டத்து முதியோர் கூறக் கேட்டிருக்கின்றேன். கூத்தில் ஓர் ஆட்டத்தை மீண்டும் ஆடச் சொல்லும் உரிமையே இங்கு இயந்திரத்தின்மேற் செலுத்தப்படுகின்றது.

ஒரு பொழுதுபோக்குப் படத்தின் தலையில் இத்தனை பாரத்தை ஏற்றலாமா என்று கேட்போர் உளர். படம் இவற்றையெல்லாம் சொல்கின்றது என்பது எனது வாதமன்று. பார்த்தவரிடத்து என்ன இருந்தது என்பதே வரலாற்று மாணவனின் வினா. 1983 இல் வந்த சுப்பர்மேன் மூன்றாம் படமும் வீரனை நகைச்சுவைக்குள் இறக்கி, முன்னவற்றினும் தாழ்ந்ததெனப் பெயர் வாங்கியது. தொடர்படம் எதுவும் முதற்படத்தின் அளவுகோலாலேயே அளக்கப்படுவது இயல்பாகும். நாற்பது ஆண்டு கழிந்தபின் அந்த அளவுகோலின் தேவை குறைகின்றது. கதையை நிறுத்திய அந்தக் கண்காட்சிக் காட்சிகளே இன்று, 1985 ஆம் ஆண்டு எதிர்காலத்தை எவ்வாறு கற்பனை செய்தது என்பதற்கு அசையும் ஆவணமாக நிற்கின்றன. அக்காட்சிகளைத் தோட்டத்து வாசலில் அமர்ந்து கண்டோர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டனர். டெக் வாடகைக்குக் கொடுத்தோரும் காமன் கூத்தில் கோமாளி கட்டியோரும் சில இடங்களில் ஒருவராகவே இருந்திருக்கக்கூடும். பசறையிலும் அப்புத்தளையிலும் இதனை விசாரித்துப் பதிவுசெய்தல் எம்மைப் போன்ற மாணவருக்கு ஒரு விடுமுறைக் காலத்துள் இயலக்கூடிய வேலையே.