பெட்டிக்குள் அடங்காத பண்பாடு: அமெரிக்கக் கல்லூரிகளின் முதலாண்டு மொழிப் பாடம்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டு மொழிப் பாடம் இலக்கணத்தையும் பண்பாட்டையும் தனித்தனியே வைத்துக் கற்பிக்கிறது. ஆனால் பேசுபவரும் கேட்பவரும் எந்த உறவில் நிற்கிறார்கள் என்று தெரியாமல் வாக்கியத்தையே முடிக்க முடியாத இடங்கள் தொடக்கநிலை இலக்கணத்திலேயே உள்ளன. பண்பாட்டுக் கல்வி அந்த இடங்களில் தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். ஸ்பானியம், ஜப்பானியம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலிருந்து சான்றுகள் காட்டப்படுகின்றன.

1. சிக்கல்

அமெரிக்கக் கல்லூரிகளில் புழங்கும் தொடக்கநிலை மொழிப் பாடநூல்களின் பக்க அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். உரையாடல், சொற்பட்டியல், இலக்கணம், பயிற்சி. ஓரத்தில் நிறம் தீட்டிய ஒரு பெட்டி. தேநீர்ச் சடங்கு, அறுவடைத் திருவிழா, விருந்துக்குப் போனால் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டுமா என்பன பெட்டிக்குள் இருக்கும். தேர்வில் வினைத்திரிபு கேட்கப்படும். பெட்டி கேட்கப்படுவது அரிது. பாடம் பின்தங்கும் வாரத்தில் ஆசிரியர் முதலில் தாண்டிச் செல்வதும் அதைத்தான்.

தாண்டிச் செல்லும் ஆசிரியரைக் குறை சொல்வதற்கில்லை. பெட்டிக்குள் வைத்த எதையும் தாண்டலாம் என்று பக்க அமைப்பே சொல்லிவிடுகிறது. பண்பாடு அங்கே போய்ச் சேர்ந்தது எப்படி, அதை எங்கே மீட்டு வைக்கலாம் என்பவையே இங்கு ஆராயப்படும் கேள்விகள்.

2. நூற்றைம்பது மணிநேரம்

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகப் பணியாளர்களுக்கு மொழி கற்பிக்கத் தனி நிறுவனம் நடத்துகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஒரு மொழியைத் தொழில்முறையில் கையாள எத்தனை வகுப்பு மணிநேரம் பிடிக்கும் என்பதற்கு அந்நிறுவனம் நெடுங்கால அனுபவத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நெடுநாள் வழங்கிவந்த அந்தக் கணக்கின்படி ஸ்பானியத்துக்கு 600 முதல் 750 வரை, தமிழுக்கு ஏறத்தாழ 1100, ஜப்பானியத்துக்கு ஏறத்தாழ 2200. கல்லூரியில் வாரத்துக்கு 5 மணிநேரம், பருவத்துக்கு 15 வாரம், ஆண்டுக்கு 2 பருவம் என்று தாராளமாகவே வைத்தாலும் கிடைப்பது 150 மணிநேரம். ஸ்பானியத்தில் அது வழியின் கால்பங்கு அல்லது ஐந்திலொரு பங்கு. தமிழில் ஏழிலொரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஜப்பானியத்தில் நூற்றுக்கு ஏழுகூட இல்லை.

பட்டத்துக்கு மொழிப் பாடம் கட்டாயம் என்பதால் சேர்ந்தவர்களில் பலர் கட்டாயம் தீர்ந்ததும் நின்றுவிடுகிறார்கள். ஆகவே முதலாண்டைப் பின்னால் வரப்போகும் சரளத்துக்கான முன்பணம் என்று மட்டும் கருதினால், பலருக்கு அந்தப் பணம் திரும்பி வருவதேயில்லை. முதலாண்டு தன்னளவிலேயே எதையாவது முழுமையாகத் தர வேண்டும்.

இதே நெருக்கடியை 1929இல் மொழிக் கல்வியாளர் ஆல்ஜர்னன் கோல்மன் எதிர்கொண்டார். பெரும்பாலோர் இரண்டாண்டுக்கு மேல் மொழி படிப்பதில்லை. அந்தக் காலத்துக்குள் எட்டக்கூடியது வாசிப்புத் திறன். எனவே அதையே இலக்காக்கலாம் என்றது அவருடைய அறிக்கை. காலத்துக்கு ஏற்ப இலக்கை வகுத்த நேர்மை பாராட்டுக்குரியது. ஆனால் பேச்சு பின்னுக்குப் போனபோது அதோடு இன்னொருவரும் வகுப்பறையை விட்டு வெளியேறினார்: கேட்பவர். அச்சிட்ட பக்கத்தை நீ என்று அழைப்பதா, நீங்கள் என்று அழைப்பதா என்ற சங்கடம் எந்த வாசகருக்கும் வருவதில்லை.

3. கேட்பவர் இல்லாத வகுப்பறை

இரண்டாம் உலகப் போர் பேச்சைத் திருப்பிக் கொண்டுவந்தது. 1943இல் அமெரிக்க ராணுவம் கல்லூரிகளில் நடத்திய சிறப்புப் பயிற்சித் திட்டத்தில் சிறு குழுக்கள், தாய்மொழியாளர் முன்னிலையில் இடைவிடாத பேச்சுப் பயிற்சி, கூடவே அந்தந்தப் பகுதியின் வரலாறும் சமூகமும் இருந்தன. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும், 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. மொழிக் கல்விக்குப் பணம் பாய்ந்தது. மொழி ஆய்வகங்கள் பெருகின. வாக்கிய வாய்பாடுகளைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் முறை கோலோச்சியது. பேச்சு திரும்பியதே தவிர, கேட்பவர் திரும்பவில்லை. காதில் ஒலிக்கருவி மாட்டிய மாணவர் நூறு முறை ஒரு வாக்கியத்தைச் சொன்னாலும், யாரிடம் சொல்கிறோம் என்ற கேள்வி எழவில்லை.

1996இல் மொழிக் கல்விக்கென வந்த தேசியத் தரநிலைகள் இக்குறையை உணர்ந்தே எழுதப்பட்டன. தொடர்பாடல், பண்பாடு, பிறதுறைத் தொடர்பு, ஒப்பீடு, சமூகம் என ஐந்து இலக்குகளை அவை வகுத்தன. பண்பாட்டை விளைபொருள்கள், வழக்கங்கள், நோக்குகள் என மூன்றாகப் பகுத்தன. பாடநூல்கள் முதலிரண்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டன. மூன்றாவதைப் பெட்டிக்குள் போட முடியாது. படம் எடுத்து அச்சிடக்கூடியது விழா. அதற்குப் பின்னுள்ள நோக்கு படத்தில் விழுவதில்லை.

2007இல் அமெரிக்க நவீன மொழிக் கழகத்தின் அறிக்கை சிக்கலின் வேரைத் தொட்டது. மொழித் துறைகள் இரண்டு அடுக்காக இருக்கின்றன: கீழே, விரிவுரையாளர்களும் ஆய்வு மாணவர்களும் நடத்தும் மொழி வகுப்பு, மேலே, நிரந்தரப் பேராசிரியர்கள் நடத்தும் இலக்கியம். இந்தப் பிளவை ஒழித்து, மொழியும் பண்பாடும் தொடக்கம் முதல் இறுதிவரை இணைந்து செல்லும் பாடத்திட்டம் வேண்டும் என்றது அறிக்கை. அதற்கு முன்பே, 1993இல், மொழிக் கல்வி ஆய்வாளர் கிளேர் கிராம்ஷ் பண்பாட்டை மற்ற திறன்களோடு ஒட்டவைத்த கூடுதல் திறனாகக் கருதக்கூடாது என்று வாதிட்டிருந்தார். துறைகள் பெயரை மாற்றின. அயல்மொழித் துறை பல இடங்களில் உலக மொழித் துறை ஆயிற்று. 4 கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டில் ஸ்பானியம் பேசும் நாட்டில் அதை அயல்மொழி என்பது பொருந்தாதுதான். பெயர்ப்பலகை மாறிய அளவுக்கு முதலாண்டுப் பக்க அமைப்பு மாறவில்லை.

இதற்கிடையே மாணவர் எண்ணிக்கை சரிந்தது. 2016க்கும் 2021க்கும் இடையில் ஆங்கிலமல்லாத மொழிகளில் கல்லூரிச் சேர்க்கை 16.6 சதவீதம் குறைந்ததாக அதே கழகத்தின் கணக்கெடுப்பு சொல்கிறது. அதே காலத்தில் கொரிய மொழியில் சேர்க்கை 38.3 சதவீதம் கூடியது. பாட்டும் தொடர் நாடகங்களும் அதற்குப் பெருங்காரணம். அந்த மாணவர்கள் வகுப்புக்கு வருமுன்பே அண்ணன், மூத்த மாணவர், தலைவர் என்று முறைவைத்து அழைக்கும் சொற்களைக் காதில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். நாடகத்தில் நண்பர்கள் பேசும் நெருக்கமான வினைமுடிவை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, அது ஏன் தவறு என்று கேட்கவும் செய்வார்கள். கேட்பவரை அவர்களே வகுப்புக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள்.

4. ஒற்றை வரி விதியின் ஆபத்து

மாணவர் பேசும் ஆங்கிலம் முன்னிலையில் மரியாதை வேற்றுமையை இழந்து சில நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆகவே ஸ்பானிய வகுப்பின் முதல் வாரத்தில், உன் பெயர் என்ன என்று கேட்கும்போதே அவருக்கு இதுவரை தேவைப்படாத ஒரு தீர்மானம் தேவைப்படுகிறது: தூ என்பதா, உஸ்தெத் என்பதா? பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடும்: நண்பருக்குத் தூ, பெரியவருக்கு உஸ்தெத்.

அந்த வரியோடு விமானம் ஏறுபவர் அர்ஜென்டினாவில் இறங்கினால், நெருக்கமானவர்கள் தூ என்னாமல் வோஸ் என்கிறார்கள். கொலம்பியாவின் போகோட்டாவில் கணவன் மனைவிக்குள்ளும் உடன்பிறந்தாருக்குள்ளும் உஸ்தெத் புழங்குவதைக் கேட்கலாம். அங்கே அது தூரத்தின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. 1960இல் ரோஜர் பிரௌனும் ஆல்பர்ட் கில்மனும் ஐரோப்பிய முன்னிலைப் பெயர்களை ஆராய்ந்து, அதிகாரம், ஒருமைப்பாடு என்ற இரு அச்சுகளில் அவை இயங்குவதாகக் காட்டினார்கள். காலப்போக்கில் இரண்டாவது அச்சு வலுப்பெற்று வந்ததையும் சுட்டினார்கள். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் சுவீடன் ஏறத்தாழ எல்லாரையும் து என்று ஒருமையில் அழைக்கத் தொடங்கியது. ஆக, முன்னிலைப் பெயர் ஒரு நாட்டின் மாறாத குணத்தைக் காட்டும் சின்னமாக இருப்பதில்லை. அங்கங்கே, அவ்வப்போது மனிதர்கள் செய்யும் தேர்வு அது. மாணவர் கற்க வேண்டியது அந்தத் தேர்வைக் கவனிக்கும் பழக்கம்.

5. தருதலும் கொடுத்தலும்

ஜப்பானிய மொழி இன்னும் கூர்மையான சான்று. ஒருவர் எனக்குப் புத்தகம் தந்தால் குரேரு. நான் இன்னொருவருக்குக் கொடுத்தால் அகேரு. பொருள் எத்திசையில் நகர்கிறது என்பதைப் பொறுத்து வினை மாறும். எனக்கு என்பதற்குள் என் குடும்பமும் என் குழுவும் அடக்கம். எனவே வினையைத் தேரும் முன், யார் என் வட்டத்துக்குள், யார் வெளியே என்று கோடு கிழித்தாக வேண்டும். குரேரு மற்ற வினைகளோடும் சேரும். நண்பர் எனக்கு உதவினார் என்பதைத் துணைவினை இல்லாமல் சொன்னால், நடந்ததை யாரோ பதிவு செய்வது போல வறண்டு ஒலிக்கும்; குரேரு சேர்ந்தால் அந்த உதவி என்னை வந்தடைந்தது என்ற நன்றியும் சேர்ந்துவிடும். வாக்கியத்தின் கடைசி அசைகளில் நன்றி குடியிருக்கிறது. பரவலாகப் பயிலப்படும் கெங்கி பாடநூலில் இவ்வினைகள் 14ஆம் பாடத்தில்தான், அதாவது இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. முதல் தொகுதியோடு நிற்பவர் தேநீர்ச் சடங்கைப் பற்றிப் படித்திருக்கக்கூடும்; இதைப் படித்திருக்க மாட்டார்.

தமிழ் வாசகருக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலை இடங்களுக்கும், கொடுத்தலும் செல்லுதலும் படர்க்கைக்கும் உரியவை என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வரையறுக்கிறது. எனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான் என்பதே பழைய முறை. மலையாளத்தில் அந்த வேறுபாடு இன்றும் வாழ்கிறது. எச்சவியலோ இன்னும் ஒருபடி மேலே போய், இரக்கும்போது ஈ என்பது இழிந்தோன் சொல், தா என்பது ஒப்போன் சொல், கொடு என்பது உயர்ந்தோன் சொல் என்று பகுக்கிறது. இரப்பவருக்கும் இரக்கப்படுபவருக்கும் இடையிலுள்ள நிலை, சொல்லதிகாரத்தில் இலக்கணமாகவே பேசப்பட்டது. அதற்கென்று ஓரப்பெட்டி தேவைப்படவில்லை.

6. நாமும் நாங்களும்

1958ஆம் ஆண்டுத் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தெற்காசிய மொழிகள் வேரூன்ற வழி செய்தது. சிகாகோ, பென்சில்வேனியா, பெர்க்லி ஆகிய இடங்களில் தமிழ் கற்பிக்கப்பட்டது. எழுத்துத் தமிழில் தொடங்குவதா, பேச்சுத் தமிழில் தொடங்குவதா என்பது அங்கே முதல் நாளிலேயே எழும் கேள்வி. பேச்சுத் தமிழுக்கு ஹெரால்ட் ஷிஃப்மன் 1999இல் ஓர் இலக்கணம் எழுதினார். ஆஷரும் அண்ணாமலையும் 2002இல் பேச்சுத் தமிழை முன்வைத்த பாடநூல் தந்தார்கள். எந்தத் தமிழை யாரிடம் பேசுவது என்பதே பண்பாட்டுக் கேள்விதான்.

அதைவிடச் சிறிய, அதைவிடக் கூரிய இடம் ஒன்று உண்டு. தமிழ் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் மாணவரிடம் வீட்டார், “நாங்க சாப்பிடப் போறோம்” என்றால், உனக்கு இலை இல்லை என்று பொருள். “நாம சாப்பிடலாம்” என்றால் கையைக் கழுவிக்கொண்டு வரலாம். பாடநூலில் இவ்விரண்டும் கேட்பவரை உளப்படுத்தாத பன்மை, உளப்படுத்தும் பன்மை என்று இரு கட்டங்களில் அடங்கிவிடும். மனப்பாடம் செய்தவர் தேர்வில் முழு மதிப்பெண் வாங்குவார். அதே மாணவர் பிறகு தன் அறைக்கு வந்த தமிழ் நண்பரிடம் “நாங்க சாப்பிடப் போறோம்” என்று சொன்னால், அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இராது. நண்பர் மட்டும் எழுந்து போய்விடுவார்.

7. மறுப்புகள்

முதலாண்டு மாணவரால் பண்பாட்டை அந்த மொழியில் விவாதிக்க முடியாது. ஆங்கிலத்தில் விவாதித்தால் இருக்கும் 150 மணிநேரமும் கரையும் என்பது வலுவான மறுப்பு. ஆனால் இங்கே கேட்பது விவாதத்தை அன்று. ஒரே வாக்கியத்தைத் தோழரிடம், தோழரின் பாட்டியிடம், வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் என மூவரிடம் சொல்லிக்காட்டும் பயிற்சி போதும். அது இலக்கணப் பயிற்சியேதான். கற்கும் மொழியிலேயே நடக்கும்.

இன்னொன்று, ஜப்பானியர் பணிவானவர், லத்தீன் அமெரிக்கர் நெருக்கமானவர் என்ற வார்ப்புகளை இது வளர்க்காதா என்பது. ஒற்றை வரி விதிதான் வார்ப்பை வளர்க்கும். போகோட்டாவையும் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அது தானே உடையும்.

மூன்றாவது மறுப்பு அண்மையது: மொழிபெயர்க்க இயந்திரம் இருக்கும்போது முதலாண்டு எதற்கு? ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தைத் தமிழாக்கும் இயந்திரம் நீ, நீங்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ஆங்கில வாக்கியத்தில் அதற்குத் துப்பு இருக்காது. தேர்ந்தது பெறுபவருக்குப் பொருந்துமா என்று பார்க்க, உறவு தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த அளவுக்கு மொழி தெரிய 1100 மணிநேரம் தேவையில்லை, 150 போதும்.

8. முடிவுரை

மூன்று மாற்றங்கள் இக்கட்டுரையிலிருந்து பெறப்படுகின்றன. முன்னிலை மரியாதை, கொடுத்தல் வினைகள், உளப்படுத்தும் பன்மை போன்று உறவைக் கேட்கும் இலக்கணம் பாடவரிசையில் முன்னே வர வேண்டும். ஒவ்வொரு பயிற்சி வாக்கியத்துக்கும் சொல்பவர் இன்னார், கேட்பவர் இன்னார் என்று குறிக்கப்பட வேண்டும். தேர்வும் அதையே கேட்க வேண்டும். தேர்வில் வராததை மாணவர் படிப்பதில்லை என்பது எந்த நாட்டுக்கும் பொது.

முதலாண்டு இறுதித் தாளில் இப்படி ஒரு வினா வரலாம்: “பின்வரும் வாக்கியத்தை யார் யாரிடம் சொல்லலாம்? யாரிடம் சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார்?” இதற்கு விடை எழுதத் தெரிந்தவர் மறு ஆண்டு மொழியை விட்டுவிட்டாலும், சொற்களை மறந்துவிட்டாலும், எந்த மொழியில் வாய் திறக்கும் முன்பும் எதிரே இருப்பவரை ஒரு கணம் பார்ப்பார்.