உர வயலில் பிறந்த நிரல்

லண்டனுக்கு வடக்கே ஹார்பெண்டனில் உள்ள ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில், பிராட்பாக் என்ற வயலில் 1843 முதல் கோதுமைக்கு உரம் போட்டு விளைச்சலை அளந்துவருகிறார்கள். அந்த ஏடுகளிலிருந்து ஏதாவது தேறுமா என்று பார்க்க 1919இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற இளம் கணித ஆள் வேலைக்கு வந்தார்.

உரம் போட்ட பாத்தி கூடுதலாக விளைந்தால் அது உரத்தின் வேலையா, மண்ணின் வாகா? ஒரே வயலில் ஒரு ஓரம் ஈரம் காக்கும், மறு ஓரம் காய்ந்து கிடக்கும். ஃபிஷர் சொன்ன வழி இது: அடுத்தடுத்த பாத்திகளைத் தொகுதிகளாகப் பிரியுங்கள், தொகுதிக்குள் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுப்போட்டு முடிவுசெய்யுங்கள். நல்ல மண்ணைத் தனக்குப் பிடித்த உரத்துக்கு ஒதுக்கும் ஆசை ஆய்வாளருக்கு வரக்கூடாதல்லவா! 1935இல் வந்த 'சோதனைகளின் வடிவமைப்பு' நூல் இதை உலகெங்கும் கொண்டுபோனது.

ஆனால் கணக்கு ஆளைப் பிழிந்தெடுத்தது. ஃபிஷரிடம் இருந்தது 'மில்லியனர்' என்ற கைப்பிடி சுற்றும் பெருக்கல் எந்திரம். அவருக்குப் பிறகு 1933இல் புள்ளியியல் துறைத்தலைவரான ஃபிராங்க் யேட்ஸ், 1954இல் எலியட் 401 கணினியை அங்கே வரவழைத்தார். வெற்றிடக் குழாய்களால் ஆன அந்தப் பெட்டிக்கு நினைவாற்றல் மிகக் குறைவு. இருந்தும் வயல் சோதனைக் கணக்குகளை அது போட்டுத் தள்ளியது.

அடுத்த பாய்ச்சல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. 1960களின் நடுவில் புள்ளியியலாளர்கள் ஜான் நெல்டரும் கிரஹாம் வில்கின்சனும் அடிலெய்டில் சேர்ந்து யோசித்தார்கள். பாத்திகள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன, எந்த உரம் எங்கே போனது என்பதை மட்டும் ஆய்வாளர் சொன்னால் போதும், பகுப்பாய்வை நிரலே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 1968இல் யேட்ஸின் இடத்துக்கு வந்த நெல்டர், அதை 'ஜென்ஸ்டாட்' மென்பொருளாக ராதம்ஸ்டெட்டில் வளர்த்தெடுத்தார். காரணிகளைக் கூட்டல், பெருக்கல் குறிகளால் இணைத்து எழுதும் சுருக்கெழுத்தை வில்கின்சனும் ரோஜர்ஸும் 1973இல் வெளியிட்டனர். அது பெல் ஆய்வகத்தின் 'எஸ்' நிரல்மொழிக்குள் நுழைந்து, ஆக்லாந்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய 'ஆர்' மொழிக்கும் வந்துசேர்ந்தது. மருந்துச் சோதனைக்கும் ஆலைச் சோதனைக்கும் இன்று அதே சுருக்கெழுத்துதான். எழுதுபவர்களில் எத்தனை பேர் வயலை நினைக்கிறார்களோ!

'ஆர்' மொழியோடு இலவசமாகவே ஒரு பட்டாணி வயலின் சோதனைத் தரவும் வருகிறது. தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துகள், 6 தொகுதிகள், 24 பாத்திகள். மூன்று சத்துகளுக்கு 8 கலவைகள். தொகுதிக்கோ 4 பாத்திகள்தான். ஆகவே ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். மூன்றும் ஒருசேர விளைவிக்கும் தனித் தாக்கத்தைத் தொகுதி வேறுபாட்டோடு வேண்டுமென்றே கலந்துவிட்டார்கள். யேட்ஸ் 1930களில் விரிவாக வளர்த்த உத்தி இது. ஒரே வரி நிரலை ஓட்டினால் தழை, மணி, சாம்பல், அவற்றின் ஜோடிகள் எல்லாம் அட்டவணையில் வரும். மூன்றும் சேர்ந்த வரிசை மட்டும் இருக்காது.