பணிமேசைக் கருவிகளின் வரலாறு

நம் கல்விக் கழகம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், அரசர்களின் வரலாற்றை விடுத்து, மின்னணுப் பொறியாளரின் மேசைமேல் உள்ள கருவிகளின் வரலாற்றைக் கூற விழைகின்றேன்.

முதலாவது, சால்டரிங் அயன். பொற்கொல்லர் பற்றாசு கொண்டு நகையை இணைப்பது போன்றே, இது தகரமும் ஈயமும் கலந்த உலோகத்தை உருக்கிக் கம்பிகளை இணைக்கின்றது. தனித் தகரம் 232 பாகை செல்சியசிலும் தனி ஈயம் 327 பாகையிலும் உருகும். 63 பங்கு தகரமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்த கலவையோ 183 பாகையிலேயே உருகும். அதனாலேயே நுண்ணிய உறுப்புகள் கருகாமல் தப்புகின்றன. ஈயம் நஞ்சாதலின், பணி முடிந்ததும் கைகழுவுதல் கடமை.

இரண்டாவது, மல்டிமீட்டர். மின்தடை விதியை 1827-ல் நூலாக வெளியிட்ட ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மானியப் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன், பள்ளி ஆசிரியர். தந்தையிடம் கற்ற கைத்திறனால் ஆய்வுக் கருவிகளைத் தாமே செய்துகொண்டார். கற்றோர் பலர் முதலில் அவரை மதித்திலர். 1841-ல் இலண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. பின்னாளில், மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகியவற்றை அளக்கத் தனித்தனிக் கருவிகளைச் சுமந்து சலித்த பிரிட்டிஷ் அஞ்சல்துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்காடி, மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். அது 1923-ல் ஏவோமீட்டர் என்னும் பெயரில் வெளிவந்தது.

மூன்றாவது, ஆசிலோஸ்கோப். கண்ணுக்குப் புலப்படாத மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் இக்கருவிக்கு, 1897-ல் பிரவுன் அமைத்த கதிர்க்குழாயே மூலம்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் வெளியூரில் மின்னணுவியல் பட்டம் பெற்றுத் திரும்பினார். பள்ளி ஒலிபெருக்கி பழுதுற்றிருந்தது. ஓம் விதியைப் பிழையின்றிக் கூறிய அவர், மல்டிமீட்டரைத் தொடத் தயங்கினார். "இருபது பேருக்கு ஒரு கருவி ஐயா, எனக்கு முறை வரவேயில்லை" என்றார்.

நம் முன்னோர் கையால் உழைத்தனர். ஏடு அவர்க்கு மறுக்கப்பட்டது. இன்று ஏடு கிடைத்தும் கருவி எட்டவில்லையெனில், நாம் பெற்றது பாதி விடுதலையே. 2008-ல் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசுசார் பொறியியல் கல்லூரிகள் தோன்றின. அங்கு நுழையும் நம் பிள்ளைகள் கைப்பழக்கத்தோடு நுழைதல் வேண்டும்.

ஆசிலோஸ்கோப் விலை மிக்கது. ஆயின் ஓர் அயன், ஒரு மல்டிமீட்டர், ஒரு கட்டர் ஆகியவை சில நூறு ரூபாய்களில் அமையும். இவ்விழாவின் நினைவாக, நம் கழகக் கட்டடத்தில் ஒரு பணிமேசை இடுவோம். இளைஞர்களே, அதன் முன் முதலில் வந்து அமருங்கள்!